மூளையை எடை போட்ட தச்சர் மகன்

அது ஒரு நீளமான மர மேஜை. ஆனால் அதற்கு நான்கு கால்கள் இல்லை. நடுவில் ஒரே ஒரு தாங்கல்தான். கத்தியின் விளிம்பு போன்ற கூரிய இரும்பின் மேல் அந்த மேஜை நின்றது. கடையில் தராசுக் கோல் நிற்குமே, அதைப் போல!

மேஜையின் மேல் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். அவர் அசையவில்லை, பேசவும் இல்லை. தலைப் பக்கமும் கால் பக்கமும் சமமாக நின்றன.

அவருக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. உடம்புக்கு வேலை அல்ல, மூளைக்கு வேலை. அவர் சிந்திக்கத் தொடங்கினார்.

மேஜை மெல்லச் சாய்ந்தது. தலைப் பக்கம் கீழே இறங்கியது!

அவர் தலையை யாரும் தொடவில்லை. தலைமாட்டில் எந்தப் பொருளையும் வைக்கவில்லை. பிறகு ஏன் தலை கனத்தது?

சிந்திக்கும்போது மூளைக்கு ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. அப்படிப் பாய்ந்த ரத்தத்தின் எடைதான் மேஜையைச் சாய்த்தது. மேஜையைச் செய்தவர் அப்படித்தான் கருதினார்.

இது நடந்தது 1882ஆம் ஆண்டு. இடம், இத்தாலி நாட்டில் உள்ள டூரின் நகரம். மேஜையைச் செய்தவர் பெயர் ஆஞ்செலோ மோசோ.

இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. என்ற காந்த எந்திரம் இருக்கிறது. மூளையின் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்பதைக்கூட அதைக்கொண்டு படமாக்குகிறார்கள். அந்தப் படத்துக்கு ஆதாரமான கேள்வியை, எந்திரம் வருவதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவர் மோசோ.

ஏழை வீட்டுப் பிள்ளை

மோசோ 1846ஆம் ஆண்டு டூரினில் பிறந்தார். தந்தை தச்சு வேலை செய்பவர். தாய் துணி தைப்பவர். டூரினுக்குப் பக்கத்தில் உள்ள கியேரி என்ற சிற்றூரில் அவர் வளர்ந்தார்.

உளியும் இழைப்புளியும் ஊசியும் நூலும்தான் அந்த வீட்டின் சொத்து. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் டாக்டர் படிப்புக்கு அந்த வீட்டுப் பையன் ஆசைப்பட்டான். ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை. படித்து முடித்தும் காட்டினான்.

1870ல் மோசோ டாக்டர் பட்டம் பெற்றார். சிறிது காலம் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார். ஆனால் அவர் மனம் ஆராய்ச்சியில்தான் இருந்தது. உடம்பு எப்படி வேலை செய்கிறது? இதயம் ஏன் துடிக்கிறது? பயந்தால் முகம் ஏன் வெளுக்கிறது? வெட்கப்பட்டால் ஏன் சிவக்கிறது? இவைதான் அவரைத் தூங்க விடாத கேள்விகள்.

முதலில் பிளாரன்ஸ் நகருக்குப் போனார். பிறகு ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகருக்குப் போனார். அங்கே கார்ல் லுட்விக் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். உலகத்தின் பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டார்கள்.

லுட்விக் ஒரு கருவி செய்து வைத்திருந்தார். புகைக் கரி படிந்த காகிதத்தைச் சுற்றிய ஓர் உருளை அது. உருளை மெல்லச் சுழலும். ஒரு மெல்லிய முள் அந்தக் கரியில் கோடு கிழிக்கும். நாடி துடித்தால் கோடு ஏறும், அடங்கினால் இறங்கும். உடம்புக்குள் நடப்பது காகிதத்தில் தெரியும்.

தச்சர் மகனுக்குக் கருவிகள் என்றால் கொள்ளைப் பிரியம். அந்தச் சுழலும் உருளையை அவர் வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

பேராசிரியரைக் கண்டு ஓடிய ரத்தம்

மோசோ புதிதாக ஒரு கருவி செய்தார். அதன் பெயர் பிளெதிஸ்மோகிராப். பெயர்தான் பெரியது. விஷயம் எளியது.

ஒரு கண்ணாடிக் குழாய். அதில் நிறையத் தண்ணீர். அதற்குள் ஒருவர் தம் கையை நுழைத்துக்கொள்வார். கைக்கு ரத்தம் கூடுதலாக வந்தால் கை சற்றுப் பருக்கும். தண்ணீர் மேலே ஏறும். ரத்தம் குறைந்தால் தண்ணீர் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை முள் கோடாக எழுதிவிடும்.

ஒரு நாள் லைப்சிக் ஆய்வுக்கூடத்தில் மோசோவின் நண்பர் ஒருவர் இந்தக் கருவியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடு அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது சரிந்து விழுந்தது!

என்ன நடந்தது? கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் லுட்விக் உள்ளே வந்திருந்தார். அவ்வளவுதான். பெரியவரைக் கண்ட பதற்றத்தில் நண்பர் கையில் இருந்த ரத்தம் ஓடிவிட்டது!

லுட்விக் கோபிக்கவில்லை. அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோடு சரிந்த இடத்தில், சிங்கம் வருகிறது என்று தம் கையாலேயே எழுதி வைத்தார்.

வேடிக்கையான நிகழ்ச்சிதான். ஆனால் மோசோ அதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மனத்தில் ஏற்படும் ஓர் எண்ணம் உடம்பின் ரத்தத்தை நகர்த்துகிறது. கையிலிருந்து ஓடிய ரத்தம் எங்கே போயிற்று? மூளைக்குப் போயிருக்குமோ?

மூளையையும் கையைப் போலக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. அது மண்டை ஓடு என்ற பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

பூட்டிய பெட்டி திறந்தது

1877ஆம் ஆண்டு. மோசோ டூரினுக்குத் திரும்பி வந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அப்போது ஒரு விவசாயியைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது.

அந்த விவசாயிக்கு வயது 37. உயரத்திலிருந்து ஒரு செங்கல் அவர் தலையில் விழுந்துவிட்டது. மண்டை ஓடு உடைந்து, நெற்றிக்கு மேலே ஒரு துவாரம் ஏற்பட்டது. உயிர் பிழைத்தது பெரும் பாக்கியம். காயம் ஆறியது, தோல் மூடியது. ஆனால் அந்த இடத்தில் எலும்பு இல்லை. தோலுக்கு அடியில் மூளை துடிப்பது வெளியே தெரிந்தது.

பச்சைக் குழந்தையின் உச்சந்தலை துடிப்பதை எல்லாத் தாய்மாரும் பார்த்திருப்பார்கள். அதே போன்ற துடிப்புதான் இதுவும்.

மோசோ அந்தத் துவாரத்தின் மேல் சிறு மூடி ஒன்றைப் பொருத்தினார். மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வந்தது. மூளை துடிக்கும்போது குழாயில் உள்ள காற்று அசையும். அந்த அசைவு முள்ளுக்குப் போகும். முள் கோடு கிழிக்கும்.

இதில் விவசாயிக்கு வலி இல்லை. அவர் உட்கார்ந்திருந்தால் போதும். மோசோ கேட்டதற்கெல்லாம் அவர் பொறுமையாக ஒத்துழைத்தார். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் இந்த வரலாறே இல்லை.

ஆனால் மோசோவுக்கு ஒரு சந்தேகம். மூளை துடிப்பது சிந்தனையாலா, இதயத் துடிப்பாலா? மூச்சு வாங்கினாலும் மூளை அசைகிறது. இருமினால் இன்னும் அதிகமாக அசைகிறது. கோட்டில் ஒரு மேடு தெரிந்தால், அது மனத்தின் வேலையா, மார்பின் வேலையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மோசோ ஒரு வழி கண்டார். மூளையின் துடிப்பை எழுதும் அதே நேரத்தில், கையின் துடிப்பையும் எழுதினார். ஒரே காகிதத்தில் இரண்டு கோடுகள்! இதயத்தாலோ மூச்சாலோ வந்த மாற்றம் என்றால் இரண்டு கோடும் மாறும். மூளைக் கோடு மட்டும் மாறிக் கைக்கோடு மாறாவிட்டால்? அப்போது அது மூளைக்கே உரிய மாற்றம்.

மிகச் சிறிய யோசனை. ஆனால் மோசோவின் பெருமை முழுவதும் இந்த யோசனையில்தான் இருக்கிறது.

மணி ஒலித்தது, மூளை விழித்தது

ஒரு நாள் நடுப்பகல். பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. இரண்டு கோடுகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

மாதா கோயில் மணி 12 அடித்தது.

மூளைக் கோடு சட்டென்று உயர்ந்தது. கைக்கோடு அப்படியே இருந்தது!

மோசோ யோசித்தார். மணி அடித்தால் ஜெபம் சொல்வது அந்த ஊர் மக்கள் வழக்கம். விவசாயிக்கு அது நினைவுக்கு வந்திருக்குமோ? அவரிடமே கேட்டார். ஆமாம் என்று விவசாயி ஒப்புக்கொண்டார். அப்படிப் பதில் சொல்லும்போதும் கோடு ஒருமுறை உயர்ந்தது.

அடுத்து ஒரு கணக்குப் போடச் சொன்னார் மோசோ. 8ஐ 12ஆல் பெருக்க வேண்டும். கேள்வியைக் கேட்டதும் கோடு உயர்ந்தது. விடை சொன்னபோது மறுபடியும் உயர்ந்தது.

எழுத்தறிவு பெற்றவர், பெறாதவர் என்ற வித்தியாசம் இதில் இல்லை. ராஜாவின் மூளையானாலும் உழவரின் மூளையானாலும் சிந்தித்தால் ரத்தம் வரும். ஒரு பெருக்கல் கணக்கு அதைக் காட்டிவிட்டது.

தூக்கத்திலும் காவல்

இதே போல் தலையில் அடிபட்ட வேறு சிலரையும் மோசோ பரிசோதித்தார். அவர்களில் ஒருவன் சிறுவன். குழந்தைப் பருவத்தில் மேலேயிருந்து விழுந்து மண்டை உடைந்தவன். அதனால் அவன் அறிவு வளரவில்லை. ஆனால் ஓர் ஆசை மட்டும் அவனிடம் அழியாமல் இருந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். மோசோ அதை மறக்கவில்லை. அச்சத்தைப் பற்றி 1884ல் அவர் வெளியிட்ட நூலில் அந்தச் சிறுவனைப் பற்றி உருக்கமாக எழுதினார்.

இரவு நேரங்களில், இவர்களைப் போன்றவர்கள் தூங்கும்போது மோசோ பக்கத்தில் கண்விழித்திருந்தார். மெல்ல ஒரு சத்தம் செய்வார். தூங்குகிறவர் விழிக்க மாட்டார். ஆனால் மூளைக் கோடு மாறும்! விளக்கு வெளிச்சம் முகத்தில் பட்டாலும் மாறும். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவு இருக்காது.

ஆள் தூங்கினாலும் மூளை முழுவதும் தூங்குவதில்லை என்று அவர் தெரிந்துகொண்டார். வீட்டில் எல்லாரும் தூங்கினாலும் வாசலில் காவல்காரன் விழித்திருப்பது போல.

தராசு பிறந்தது

மண்டையில் துவாரம் உள்ளவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? நல்ல உடம்புள்ள மனிதனின் மூளையை எப்படிப் பார்ப்பது?

அதற்காகப் பிறந்ததுதான் அந்தத் தராசு மேஜை. 1879லேயே மோசோ டூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகிவிட்டார். தம் ஆய்வுக்கூடத்திலேயே 1882ல் தராசை அமைத்தார்.

அதில் ஆளைப் படுக்க வைத்ததும் பரிசோதனை தொடங்கிவிடாது. நின்றுகொண்டிருந்த ஆள் படுத்தால், காலில் இருந்த ரத்தம் மெல்ல மெல்ல மேலே வரும். அது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு எடைக் கற்களை நகர்த்தி மேஜையைச் சமன் செய்ய வேண்டும். மூச்சு விடும்போதெல்லாம் மேஜை லேசாக ஆடும். அந்த ஆட்டத்தையும் முள்ளால் எழுதி வைக்க வேண்டும். விரலை அசைத்தாலும் தலையைத் திருப்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எளிய படிப்புக்கும் கடினமான படிப்புக்கும் தராசு வேறு வேறு விதமாகச் சாய்ந்தது என்று கூறப்பட்டது. பத்திரிகை படித்தால் கொஞ்சம் சாய்வு. கணிதமோ தத்துவமோ படித்தால் அதிகச் சாய்வு. செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890ல் வெளியிட்ட தம் மனநூலில் இந்தத் தராசைப் பற்றி எழுதினார்.

உழைப்பவர் பக்கம்

மோசோ மூளையோடு நின்றுவிடவில்லை. உழைத்துக் களைத்தவர்களைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார்.

களைப்பை அளக்க ஒரு கருவி செய்தார். அதன் பெயர் எர்கோகிராப். கையை ஒரு பலகையில் கட்டி, நடு விரலில் ஒரு கயிற்றை மாட்டுவார். கயிற்றின் மறு நுனியில் ஓர் எடை தொங்கும். விரலை மடக்கி மடக்கி அந்த எடையைத் தூக்க வேண்டும். முதலில் நன்றாகத் தூக்கும் விரல் போகப் போகத் தளரும். கடைசியில் அசையாது.

மணிக்கணக்கில் மாணவர்களைப் பரீட்சை செய்துவிட்டு வந்த ஆசிரியரின் விரலையும் மோசோ சோதித்தார். விரலுக்கு வேலையே இல்லை. வேலை செய்தது மூளைதான். ஆனாலும் விரல் தளர்ந்து போயிருந்தது!

1891ல் களைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிசிலித் தீவின் கந்தகச் சுரங்கங்களில் சிறுவர்கள் முதுகில் சுமை ஏற்றிக்கொண்டு மேலே ஏறி வந்த கொடுமையை அதில் எடுத்துச் சொன்னார். மனித உடம்புக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி வேலை வாங்குவது அநியாயம் என்பது அவர் கட்சி. தச்சர் மகன் தம் இனத்தை மறக்கவில்லை.

1894ல் ராணுவ வீரர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் ஏறினார். அங்கே மான்ட்டி ரோசா சிகரத்தில், சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் ஒரு குடில் இருந்தது. காற்று மெலிந்த அந்த இடத்தில், தூங்குகிறவர்களின் மூச்சு சிறிது நேரம் அடங்கி மறுபடி எழுவதைக் கண்டு எழுதினார். 1907ல் அந்த மலைப் பகுதியிலேயே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது.

1904ல் இத்தாலி அரசாங்கம் அவரை செனட் சபையின் உறுப்பினர் ஆக்கியது. ஆனால் உடல்நலம் கெட்டுவிட்டது. ஆய்வுக்கூட வேலை முடியாமல் போனது. அப்போதும் அவர் சும்மா இருக்கவில்லை. கிரீட் தீவுக்குப் போய்ப் புதைபொருள் ஆராய்ச்சியில் இறங்கினார். 1910ஆம் ஆண்டு நவம்பர் 24ந் தேதி டூரினில் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

மறந்தது உலகம்

மோசோ உயிரோடு இருந்தபோதே அவருடைய கருத்துக்கு எதிர்ப்பு வந்தது.

1890ல் இங்கிலாந்தில் ராய், ஷெரிங்டன் என்ற இருவர் மோசோவின் பக்கம் நின்றார்கள். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ, அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் போக இயற்கையே வழி செய்திருக்கிறது என்றார்கள். ஆனால் 1896ல் லண்டனைச் சேர்ந்த லியோனார்ட் ஹில் என்பவர் அதை மறுத்தார். மூளையின் வேலைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்பது அவர் முடிவு. அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். பல ஆண்டுகள் இந்த ஆராய்ச்சியில் யாரும் அக்கறை காட்டவில்லை. தராசு மேஜை பழங்கதை ஆயிற்று.

1955ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. மனக்கணக்குப் போடும்போது மூளை முழுவதற்கும் போகும் ரத்தத்தை அளந்தார்கள். மொத்தத்தில் மாற்றம் தெரியவில்லை!

அப்படியானால் மோசோ சொன்னது தவறா?

தவறு இல்லை. ஊர் முழுவதற்கும் ஓடும் தண்ணீரை அளந்தால், ஒரு தெருவில் ஒரு வீட்டுக்காரர் கூடுதலாக இரண்டு குடம் பிடித்தது தெரியுமா? தெரியாது. அந்த வீட்டுக் குழாயில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மூளையிலும் அப்படித்தான். மாற்றம் சிறிய இடத்தில் நடக்கிறது. முழு மூளையையும் எடை போடும் தராசு அதற்குப் போதாது. விவசாயியின் மண்டைத் துவாரம் ஓர் இடத்தை மட்டும் காட்டியது. அதனால்தான் அங்கே மாற்றம் தெளிவாகத் தெரிந்தது.

காந்தம் தந்த கண்

1936ல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங், சார்லஸ் கோரியல் என்ற இருவர் ஒரு புதுமையைக் கண்டார்கள். பிராணவாயு நிறைந்த ரத்தத்தைக் காந்தம் இழுப்பதில்லை. பிராணவாயு நீங்கிய ரத்தத்தையோ லேசாக இழுக்கிறது.

54 ஆண்டுகள் சென்றன. 1990ல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்காவில் எலிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் வைத்துப் பார்த்தார். ரத்தத்தில் உள்ள பிராணவாயு கூடினால் அல்லது குறைந்தால் படமும் மாறியது. 1992ல் மனிதர்களிடமும் அதைக் கண்டார்கள். மண்டையில் துவாரம் வேண்டாம். ஊசி வேண்டாம். படுத்திருந்தால் போதும்.

மூளையில் ஓர் இடம் வேலை செய்தால் அங்கே பிராணவாயு செலவாகும். உடம்பு உடனே புது ரத்தத்தை அனுப்பும். தேவைக்கு அளந்து அனுப்பாது, தாராளமாக அனுப்பும். நாலு பேர் விருந்துக்கு வந்தால் எட்டுப் பேருக்குச் சமைக்கும் வீடு போல. அதனால் அந்த இடத்தில் பிராணவாயு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தைத்தான் எந்திரம் பார்க்கிறது.

ஆனால் மாற்றம் மிகச் சிறியது. 100க்கு ஒன்று, இரண்டு என்ற அளவுதான். மூச்சும் இதயத் துடிப்பும் தலையின் லேசான அசைவும் அதை மூடி மறைத்துவிடும்.

மோசோவுக்கு வந்த அதே சங்கடம்!

கணக்குதான் வழி காட்டுகிறது

இங்கேதான் கணக்கு உதவிக்கு வருகிறது. எந்திரம் மூளையைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டம் ஒரு பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர். 2 விநாடிக்கு ஒரு படம் என்ற கணக்கில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோடு கிடைக்கும்.

படுத்திருப்பவர் 20 விநாடி மனக்கணக்குப் போடுகிறார். 20 விநாடி சும்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனக்கணக்கு தொடங்கிய நொடியிலேயே ரத்தம் வந்துவிடாது. ஓரிரு விநாடி கழித்தே ஏறத் தொடங்கும். ஒரு நொடி வேலைக்கு ரத்தம் உச்சிக்கு வர 5, 6 விநாடி ஆகும். பிறகு மெல்ல இறங்கும். இது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே, வேலை செய்யும் கட்டத்தின் கோடு எப்படி இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு மாதிரிக் கோடு வரைகிறார்கள்.

தையற்காரர் அளவுச் சட்டையை வைத்துப் பார்ப்பதைப் போல, அந்த மாதிரிக் கோட்டை ஒவ்வொரு கட்டத்தின் கோட்டோடும் வைத்துப் பார்க்கிறது கம்ப்யூட்டர். பொருந்தினால் அந்தக் கட்டம் வேலை செய்திருக்கிறது என்று கொள்கிறது.

வயிற்றில் ஒரு பட்டை கட்டி மூச்சை எழுதுகிறார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி நாடியை எழுதுகிறார்கள். அவற்றால் வந்த ஆட்டத்தைக் கணக்கில் கழித்துவிடுகிறார்கள். மோசோ அன்று கைக்கோட்டை எதற்காக எழுதினாரோ, அதே காரணம்தான்!

1990களின் தொடக்கத்தில் லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டன் இப்படிப்பட்ட கணக்கு முறையை வகுத்தார். 1998ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் பக்ஸ்டனும் அவர் தோழர்களும், ரத்தம் நிறைந்தால் உப்பும் பலூனாகச் சிறு ரத்தக் குழாயைக் கருதி, மாதிரிக் கோட்டை இன்னும் திருத்தமாகக் கணக்கிட்டார்கள்.

செத்த மீன் சிந்தித்ததா?

கணக்கிலும் ஏமாற இடம் உண்டு. 2009ல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் செத்துப்போன சால்மன் மீன் ஒன்றை எந்திரத்தில் வைத்தார்கள். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். கணக்குப் போட்டால், மீனின் மூளையில் சில கட்டங்கள் வேலை செய்ததாகத் தெரிந்தது!

செத்த மீன் சிந்திக்குமா? 1,000 பேர் சீட்டு எடுத்தால் யாரோ ஒருவருக்குப் பரிசு விழுந்தே தீரும். அது போலத்தான். ஆயிரக்கணக்கான கட்டங்களில் சில தற்செயலாகப் பொருந்திவிடும். எத்தனை கட்டங்களைச் சோதித்தோம் என்பதையும் கணக்கில் சேர்த்தால், அந்தப் பொய் விளக்குகள் அணைந்துவிடும். மீனிலும் அணைந்தன. இந்த எச்சரிக்கையைச் சொல்வதற்காகவே அவர்கள் அந்தப் பரிசோதனையைச் செய்தார்கள்.

இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். எந்திரம் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, ரத்தத்தைத்தான் பார்க்கிறது. மாதா கோயில் மணி ஒலித்தபோது விவசாயியின் மூளைக் கோடு உயர்ந்தது. ஆனால் அவர் ஜெபத்தை நினைத்தார் என்பதைக் கோடு சொல்லவில்லை. விவசாயிதான் சொன்னார். மோசோவும் அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மீண்டும் தராசு

2014ல் தராசு மேஜை மறுபடியும் பேசப்பட்டது. அதைப் பற்றி மோசோ எழுதிய பழைய தாள்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் இருவர், மோசோவின் முறையிலேயே ஒரு தராசு அமைத்துச் சோதித்த விவரத்தை வெளியிட்டார்கள். மூச்சின் ஆட்டத்தையும் இதயத்தின் ஆட்டத்தையும் இன்றைய கணக்கு முறையால் பிரித்துப் பார்த்தார்கள். படுத்திருந்தவர்கள் இசை கேட்டபோது தலைப் பக்கத்தின் அழுத்தம் சற்றே கூடியது.

1882ல் மோசோவிடம் கம்ப்யூட்டர் இல்லை. தராசில் கண்ட சாய்வு முழுவதும் மூளையால்தான் வந்தது என்று உறுதியாகக் காட்ட அவருக்கு வழியும் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி சரியான கேள்வி. போன வழியும் சரியான வழி. கண்ணில் பட்ட மேட்டையெல்லாம் சிந்தனை என்று அவர் நம்பிவிடவில்லை. பக்கத்தில் இன்னொரு கோட்டையும் எழுதி வைத்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேசினார்.

அந்த இரண்டாவது கோடுதான் தச்சர் மகன் உலகத்துக்கு விட்டுப்போன சொத்து.